சவரகன் கத்தியும் நம் சகோதரிகளும்



பிரியமானவர்களே, பெண்களுக்கான அழகு நிலையங்களில் வேலை செய்துவரும் நம்முடைய சகோதரிகள், ஆண்களுக்கு முடி திருத்தவும் சவரம் செய்யவும் கற்றுக்கொள்ளலாமா? கற்பதானால் எங்கே, எத்தனை நாள், எந்தச் சான்றிதழுக்காகக் கற்கவேண்டும்? மும்பையில் ஊழியம் செய்யும் எனக்கு இந்தக் கேள்வி ஜெபக் கூட்டங்களுக்குப் பின்னும் வீடு சந்திப்புகளிலும் அடிக்கடி வருகிறது. பெங்களூரிலும் புனேயிலும் உள்ள உடன் ஊழியர்களும் தொலைபேசியில் இதையே கேட்கிறார்கள். ஒரு குடும்பப் பத்திரிகையில் கத்தியும் கத்தரிக்கோலும் எதற்கு என்று நினைக்கவேண்டாம். நம்முடைய சபைக் குடும்பங்களில் எத்தனை வீடுகளின் அரிசியும் பள்ளிக் கட்டணமும் இந்தத் தொழிலிலிருந்து வருகின்றன என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களைச் சுற்றிலும் பார்த்தால் தெரியும்.

நம் பெண்கள் இந்த நகரங்களுக்கு வந்தபோது முதலில் கிடைத்தது வீட்டு வேலை. அடுத்த தலைமுறை பத்தாம் வகுப்பு வரை படித்து, தெருமுனை பார்லரில் நூல்கொண்டு புருவம் திருத்தக் கற்றுக்கொண்டது. பாத்திரம் தேய்த்த தாயின் மகள் குளிர்சாதன அறையில் நின்று வேலை செய்கிறாள் என்பது அந்தக் குடும்பத்துக்குச் சிறிய காரியமல்ல. இப்பொழுதோ பெண்களுக்கென்று மட்டும் இருந்த நிலையங்கள் பல, இருபாலருக்கும் பொதுவான கடைகளாக மாறிவருகின்றன. ஆண்களுடைய தலையைத் தொடத் தெரியாத பணியாளருக்கு அங்கே பாதி வேலைதான் உண்டு. பாதி வேலைக்கு முழுச் சம்பளம் யார் கொடுப்பார்?

எங்கள் சபையின் சகோதரி ஒருவருக்கு இதுவே நேர்ந்தது. பதினொரு ஆண்டுகள் ஒரே நிலையத்தில் வேலை செய்தவர். ஆட்டோ ஓட்டிய கணவருக்கு முதுகுத்தண்டில் அடிபட்டபின் குடும்பத்தின் பாரம் முழுவதும் அவர் தோள்மேல் விழுந்தது. சென்ற ஆண்டு முதலாளி நிலையத்தைப் பொதுக் கடையாக மாற்றி, மூன்று மாதத்துக்குள் ஆண்கள் வேலையைக் கற்றுக்கொள், இல்லையேல் வேறு இடம் பார் என்று சொல்லிவிட்டார். அவர் என்னிடம் வந்து கேட்டது ஆலோசனை அல்ல. தன் தகப்பனாரிடம் நான் பேசவேண்டும் என்றே கேட்டார்.

அந்தப் பெரியவருடைய எதிர்ப்பை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. திருநெல்வேலிச் சீமையில் தமது ஊர் சவரக் கடையின் நாற்காலியில் உட்கார அனுமதிக்கப்படாமல் வளர்ந்தவர் அவர். முடி வெட்டிக்கொள்ள வேறு ஊருக்கு நடந்து போனவர். “ஐயா, அந்தக் கடைக்காரன் என்னை வாசலிலேயே நிறுத்தினான். அவன் வேலையை என் மகள் செய்யவேண்டுமா?” என்று அவர் கேட்டபோது, அவர் கண்களில் கோபத்தைக் காட்டிலும் வேதனையே அதிகமாக இருந்தது. நம் சபைகளில் அநேகருடைய தகப்பன்மாருக்கு இதே கதை உண்டு. ஊரைவிட்டு வந்து நாற்பது ஆண்டுகள் ஆனாலும் அந்த நாற்காலி மனதைவிட்டு நீங்குவதில்லை.

ஆயினும் அவரை வாசலில் நிறுத்தினவனும் சுயாதீனன் அல்ல. ஊரார் வீடுகளுக்குப் பின்வாசல் வழியாகப் போய், அறுவடைக் காலத்தில் அளக்கப்படும் நெல்லுக்காகப் பல குடும்பங்களுக்கு வேலை செய்தவன். சாவு வீட்டுச் சடங்குகளுக்கு அழைக்கப்பட்டான். கலியாண வீட்டுப் பந்தியிலோ கடைசியில் உட்காரவைக்கப்பட்டான். தமிழ்நாட்டில் அந்தச் சமூகத்தாருக்கு மருத்துவர் என்ற பெயர் ஏன் வந்தது என்று நம்முடைய வாலிபர்களுக்குத் தெரியாது. கட்டி அறுத்து மருந்து கட்டினவர்கள் அவர்கள். அவர்களுடைய பெண்கள் ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்தவர்கள். தாழ்த்தப்பட்ட ஒருவனைக்கொண்டே வேறொருவனைத் தாழ்த்துவது சாதியின் பழைய தந்திரம். அந்தத் தந்திரத்துக்கு நாம் சபைக்குள் இடம்கொடுத்து, ‘அந்த வேலையா?’ என்று முகம் சுளிக்கலாமா?

வேதத்தைத் திறந்து பாருங்கள். சிறையிலிருந்து பார்வோனுக்கு முன்பாகக் கொண்டுவரப்படுவதற்கு முன் யோசேப்பு சவரம் செய்துகொண்டதை ஆதியாகமம் 41-ஆம் அதிகாரம் மறக்காமல் குறிப்பிடுகிறது. குஷ்டரோகி சுத்திகரிக்கப்படும் ஏழாம் நாளில் அவனுடைய தலைமயிர், தாடி, புருவம் யாவும் சிரைக்கப்படவேண்டும் என்று லேவியராகமம் 14 சொல்லுகிறது. எசேக்கியேல் தீர்க்கதரிசியோ ஆசாரிய குலத்தில் பிறந்தவர். சவரகன் கத்தியை எடுத்துத் தன் தலையையும் தாடியையும் தானே சிரைக்கும்படி தேவன் அவருக்கே கட்டளையிட்டார். தாவீதின் ஊழியக்காரருடைய பாதித் தாடியைச் சிரைத்து அனுப்பிய அம்மோனிய ராஜா ஒரு யுத்தத்தையே வருவித்துக்கொண்டான் (2 சாமுவேல் 10). மனுஷனுடைய முகம் அவனுடைய கனம் சம்பந்தப்பட்டது; அதைத் தொடுகிற வேலை அற்பமான வேலை அல்ல. யோப்பா பட்டணத்தில் பேதுரு யார் வீட்டில் அநேகநாள் தங்கியிருந்தார் என்பதையும் அந்தப் பெரியவருக்கு நினைப்பூட்டினேன். தோல் பதனிடுகிற சீமோன்! செத்த மிருகங்களின் தோலைத் தொடுகிறவன் என்று யூதர் விலகி நின்ற தொழில் அது. கொர்நேலியு அனுப்பிய ஆட்கள் அந்த வீட்டு வாசலில்தான் வந்து நின்றார்கள்.

சபை மூப்பர் சிலருக்கு வேறொரு தடை இருந்தது. ஸ்திரீ அந்நிய புருஷனுடைய முகத்தைத் தொடலாமா என்றார்கள். நம்முடைய சபையில் செவிலியர் எத்தனை பேர் என்று எண்ணும்படி நான் சொன்னேன். அவர்கள் ஆண் நோயாளிகளைக் குளிப்பாட்டுகிறார்கள், புண்ணைத் துடைக்கிறார்கள். அவர்களுக்காக நாம் சாட்சிக் கூட்டத்தில் ஸ்தோத்திரம் செலுத்துகிறோம். தொடுதலில் பாவமில்லை, மறைவில்தான் ஆபத்து உண்டு. ஆகையால் எந்தக் கடையில் வேலை என்று பாருங்கள். தெருவிலிருந்து பார்த்தால் உள்ளே தெரியும் கண்ணாடிக் கடையா, திரைபோட்ட தனியறைகள் உள்ள இடமா? இரவு எத்தனை மணிக்கு மூடுகிறார்கள்? வீடு திரும்ப வழி என்ன? தகப்பன்மாரும் கணவன்மாரும் கேட்கவேண்டியவை இவை. அலங்காரத்தைக் குறித்து 1 பேதுரு 3-ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: கருப்பாய்ப் பிறந்த பெண்ணை வெளுப்பாக்கித் தருகிறோம் என்று பூசிவிடும் வேலையைவிட, நாள் முழுதும் மூட்டை சுமந்தவனுடைய தாடியைச் சுத்தமாக மழித்துவிடும் வேலை எனக்கு அதிக ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

பெண்கள் கத்தி பிடிப்பது மகாராஷ்டிரத்துக்குப் புதிதும் அல்ல. கோலாப்பூர் மாவட்டத்தில் சாந்தாபாய் யாதவ் என்ற தாயார், 1980-களில் கணவர் இறந்தபின், பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்காகக் கணவருடைய சவரக் கத்தியையே கையில் எடுத்தார். ஊர் முதலில் சிரித்தது. பிறகு வரிசையில் உட்கார்ந்தது. உத்தரப் பிரதேசத்தில் ஜோதி, நேகா என்ற இரண்டு சகோதரிகள் நோயுற்ற தகப்பனாரின் கடையை நடத்துவதற்காக ஆண்களைப்போல உடுத்தியும் முடி வெட்டியும் வேலை செய்தார்கள். 2019-ஆம் ஆண்டில் சச்சின் டெண்டுல்கர் அவர்களிடம் சவரம் செய்துகொண்ட செய்தி நாடெங்கும் பரவியது.

இந்த மும்பையிலே நடந்த இன்னொரு காரியம் உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். திரைப்படத் துறையின் ஒப்பனைக் கலைஞர் சங்கம், பெண்கள் சிகையலங்காரம் செய்யலாம், முக ஒப்பனையோ ஆண்களுக்கு மட்டுமே உரியது என்று பல பத்தாண்டுகளாக விதி வைத்திருந்தது. மகாராஷ்டிரத்தில் ஐந்து ஆண்டுகள் வசித்திருக்கவேண்டும் என்பதும் அதன் விதி. பயிற்சி பெற்றிருந்தும் அட்டை மறுக்கப்பட்ட சாரு குரானா என்ற பெண் உச்சநீதிமன்றம் வரை சென்றார். 2014 நவம்பர் 10 அன்று நீதிபதிகள் தீபக் மிஸ்ரா, யு. யு. லலித் ஆகியோர் அந்த இரண்டு விதிகளும் செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். பெண்ணுக்கு இன்ன வேலை, ஆணுக்கு இன்ன வேலை என்று பிரித்த சுவரும் விழுந்தது. வெளியூரான் என்று தள்ளிய சுவரும் விழுந்தது. இரண்டாவது சுவரின் உயரத்தை இந்த நகரத்துத் தமிழருக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

இனி பயிற்சிக்கு வருவோம். அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கு அரசாங்க உரிமம் இல்லாமல் ஒருவர் கை வைக்க இயலாது. மின்னசோட்டா மாநிலம் 1897-லேயே முடிதிருத்துநருக்கு உரிமச் சட்டம் கொண்டுவந்தது. அங்கே அழகுக்கலைக்கு ஒரு உரிமம், முடிதிருத்தும் தொழிலுக்கு வேறொரு உரிமம். டெக்சாஸ் மாநிலத்தில் இரண்டுக்கும் தனித்தனியே 1,000 மணி நேரப் பயிற்சி வைத்திருக்கிறார்கள். ஆனால் அழகுக்கலை உரிமம் உள்ளவர் மற்றதையும் பெற விரும்பினால் 300 மணி நேரம் கூடுதலாகப் பயின்றால் போதும். தெரிந்ததை மறுபடியும் கற்பிக்காமல், தெரியாததை மட்டும் கற்பிக்கிறார்கள். தெரியாதது எது? முக்கியமாக, கத்திகொண்டு முகம் மழிப்பது.

நம் தேசத்தில் ஆளுக்கு உரிமம் என்பது இல்லை. கடைக்குத்தான் பதிவும் அனுமதியும் உண்டு. ஆகவே யாரும் நாளைக்கே நாற்காலி போட்டு உட்காரலாம். அதை ஒரு ஆசீர்வாதம் என்று எண்ணவேண்டாம். உரிமம் இல்லாத இடத்தில் பயிற்சியின் பொறுப்பு உங்கள் மனசாட்சியின்மேல் வந்து விழுகிறது. வசதியுள்ளவர்களுக்கும் இளம் பெண்களுக்கும் நான் சொல்வது அரசுத் தொழிற்பயிற்சி நிலையம், அதாவது ஐ.டி.ஐ. பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்கு அங்கே ஓராண்டு அழகுக்கலைப் பயிற்சி உண்டு. முடிவில் கிடைக்கும் தேசியத் தொழிற்சான்றிதழுக்கு நாடெங்கும் மதிப்பு உண்டு. குடும்பஸ்திரீக்கு ஓராண்டு சம்பளமின்றி இருக்க முடியாது. அப்படிப்பட்டவர்களுக்காக, ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்றளிக்கும் ‘முன்கற்றல் அங்கீகாரம்’ என்ற ஏற்பாட்டை மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் வைத்திருக்கிறார்கள். அழகுத் துறைக்கென்று தனியே ஒரு திறன் கவுன்சிலும் இருக்கிறது. ஆனால் ஒன்றை மறவாதிருங்கள்: தெரிந்த வேலைக்கே அது சான்று தரும், தெரியாத வேலையைக் கற்றுத்தராது.

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தில் உள்ள 18 தொழில்களில் முடிதிருத்தும் தொழிலும் ஒன்று. 40 மணி நேர அடிப்படைப் பயிற்சி, பயிற்சி நாளுக்கு 500 ரூபாய் உதவித்தொகை, கருவிகளுக்கு 15,000 ரூபாய், பிறகு 5 சதவீத வட்டியில் முதலில் ஒரு லட்சம், அதைச் செலுத்தியபின் இரண்டு லட்சம் கடன் என்பது அதன் அமைப்பு. குடும்பத்தில் ஒருவருக்கு மாத்திரம். சொந்தமாகத் தொழில் செய்கிறவர்களுக்கே இது உரியது. சம்பளத்துக்கு நிற்கிறவர்கள் ஏஜெண்டுகளின் பேச்சைக் கேட்டுப் பொய்யாக எழுதிக்கொடுக்கவேண்டாம். பொய்யினால் கிடைத்த கத்தி கூர்மையாயிருந்து என்ன பயன்? இது குலத்தொழிலைப் பிள்ளைகள்மேல் சுமத்தும் என்று கூறித் தமிழ்நாடு அரசு 2024-ல் இதை ஏற்க மறுத்ததையும், 2025-ல் 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சாதி பேதமில்லாமல் ‘கலைஞர் கைவினைத் திட்டம்’ என்று தனியே தொடங்கியதையும் படித்திருப்பீர்கள். அந்த மறுப்பில் நியாயம் உண்டு என்றே நான் நினைக்கிறேன். தகப்பன் செய்ததால் மகனும் செய்யவேண்டும் என்பது நுகம். தகப்பன் செய்யாததை மகள் தெரிந்துகொண்டு செய்வதோ வேறு காரியம்.

எங்கள் சகோதரி தெரிந்துகொண்ட வழி இதுதான். ஒரு தனியார் பயிற்சிக் கூடத்தில் பதினைந்து நாளில் சான்றிதழ் என்று பணம் வாங்கினார்கள். பதினைந்து நாளும் பொம்மைத் தலையும் படக்காட்சியும்தான், ஒரு மனித முகத்தைக்கூடத் தொடவிடவில்லை. ஆகவே பணம் கட்டுமுன் கேளுங்கள்: எத்தனை உயிருள்ள தலைகள், எத்தனை முகங்கள் எனக்குக் கிடைக்கும்? சான்றிதழில் யாருடைய முத்திரை இருக்கும்? பிறகு அவர் எங்கள் பகுதியில் கடை வைத்திருக்கும் ஒரு வயதான மராட்டியரிடம், பரம்பரைத் தொழில்காரரிடம், கடை விடுமுறையான திங்கட்கிழமைகளில் போய்க் கற்றுக்கொண்டார். அவர் விசுவாசி அல்ல. ஆனாலும் மகளே என்று அழைத்துக் கற்றுக்கொடுத்தார்.

பார்லர் பழக்கம் எவ்வளவு உதவுகிறது, எங்கே தடுக்கிறது என்பதை அந்தச் சகோதரி எனக்கு விளக்கினார். பெண்களுக்கு நனைந்த கூந்தலைப் பாகம் பாகமாகப் பிரித்துக் கத்தரிக்கோலால் நீளத்தைப் பார்த்து வெட்டுகிறார்கள். ஆணுடைய தலையிலோ மண்டையின் வடிவத்தைப் பார்த்து வெட்டவேண்டும். மெஷினில் ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் என்று மாட்டி, கழுத்திலிருந்து மேலே போகப் போகக் கோடு தெரியாமல் முடி அடர்ந்து வரும்படி கையைத் தூக்கவேண்டும். சீப்பின்மேல் கத்தரிக்கோல் ஓடும் வேலைக்கு மட்டும் அவருக்கு இரண்டு மாதம் பிடித்தது. அதன்பின் உஸ்தரா. பலூனை ஊதி, அதன்மேல் நுரை பூசி, பலூன் வெடிக்காமல் நுரையை வழிப்பது முதல் பாடம். எத்தனை பலூன் வெடித்தது என்று அவருடைய பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். தோலை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, கத்தியைச் சாய்த்து, முடி வளரும் திசையிலேயே முதலில் வழிக்கவேண்டும், எதிர்த்திசை பிறகுதான். “பாஸ்டர், புருவம் திருத்தும்போது என் கை நடுங்கினதில்லை. கழுத்து நரம்பின் பக்கத்தில் கத்தி வைக்கும்போது நடுங்குகிறது” என்றார். நடுங்குவது நல்லது என்று அந்த மராட்டியப் பெரியவர் சொன்னாராம்.

இரத்தத்தைக் குறித்தும் எழுதவேண்டும். ஒருவருக்குப் பயன்படுத்திய பிளேடை இன்னொருவருக்குப் பயன்படுத்தினால் ஹெபடைடிஸ் பி, சி ஆகிய மஞ்சள்காமாலைக் கிருமிகளும், எய்ட்ஸ் கிருமியும் பரவக்கூடும். ஒவ்வொரு ஆளுக்கும் புதிய பிளேடு, ஆள் பார்க்கவே அதை உறையிலிருந்து பிரிப்பது, பயன்படுத்தியதைத் துளை போகாத டப்பாவில் போடுவது, படிகாரக் கட்டியை முகத்துக்கு முகம் தேய்க்காமலிருப்பது, துண்டைத் துவைப்பது ஆகியவற்றில் ஒருநாளும் விலகக்கூடாது. இந்தத் தொழிலுக்கு வருகிற சகோதரிகள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று ஊசி: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம்.

எல்லாவற்றிலும் கடினமான காரியம் ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய், வியாழன், சனி நாட்களில் முடி வெட்டாதவர்கள் இந்த நகரத்தில் அநேகர். திங்கள் கடை விடுமுறை. ஆகையால் வாரத்தின் கூட்டமெல்லாம் ஞாயிறு காலையில் வந்து சேர்கிறது. பெண்கள் நிலையத்தில் பதினொரு மணிக்குமேல் போனால் போதுமாயிருந்த சகோதரிக்கு இப்பொழுது ஏழு மணிக்கே நாற்காலி காத்திருக்கிறது. ஆராதனையை விட்டுவிடு என்று நான் சொல்லமாட்டேன். வேலையை விட்டுவிடு என்று சொல்லவும் எனக்கு அதிகாரமில்லை. படுத்திருக்கும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் உள்ள வீட்டுக்கு யார் பதில் சொல்வது? அவர் முதலாளியிடம் பேசி, ஞாயிறு பிற்பகல் ஒன்றரை மணி முதல் இரவுவரை நிற்பதாகவும், காலைக்குரிய ஊக்கத்தொகை வேண்டாம் என்றும் ஒப்புக்கொண்டார். அதனால் மாதம் சுமார் இரண்டாயிரம் ரூபாய் குறைகிறது. அதைச் சபை ஈடுகட்டுமா என்று மூப்பர்கள் ஆலோசித்துக்கொண்டிருக்கிறார்கள். கட்டவேண்டும் என்பதே என் கருத்து. அடுத்த கூட்டத்திலும் அதைச் சொல்வேன். வேறு நகரங்களில் இதே நிலையில் இருப்பவர்களுக்காகத் திங்கட்கிழமை மாலையில் ஒரு ஆராதனை தொடங்கலாமா என்றும் யோசிக்கிறோம். உங்கள் சபைகளில் ஏற்கெனவே அப்படி நடத்துகிறீர்களானால் எழுதுங்கள்.

தகப்பனார் இன்னும் முழுமனதாகச் சம்மதிக்கவில்லை. ஆனால் பேரப்பிள்ளையின் தலையை மகள் வெட்டியதைப் பார்த்து, பின்கழுத்தில் கோடு நேராக இல்லை என்று குறை சொன்னாராம்.

சகோதரிக்கு இப்பொழுது வேண்டியது முகங்கள். கையில் நடுக்கம் நீங்க ஐம்பது முகமாவது மழிக்கவேண்டும் என்று அவருடைய ஆசான் சொல்லியிருக்கிறார். எங்கள் வாலிபர் ஐக்கியத்திலிருந்து இதுவரை பதினான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இருவருக்குச் சிறு கீறல், பெரிய சேதம் இல்லை. நானும் உட்கார்ந்தேன். திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்குச் சபைக் கட்டடத்தின் பின்னறையில் நாற்காலி போடப்படும். மூன்று நாள் தாடியோடு வாருங்கள். புதிய பிளேடுக்கு ஐந்து ரூபாய் கொண்டுவாருங்கள்.